அம்மாவின் டென்ஷன் குழந்தையின் இதயத் துடிப்பை மாற்றுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

ஆபீஸில் திட்டு வாங்கிட்டு வீட்டுக்கு வர்றீங்க. குழந்தை ஓடி வருது. முகத்தைச் சிரிச்ச மாதிரி வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லடா கண்ணு" என்று தூக்கிக்கொள்கிறீர்கள். குழந்தைக்கு எதுவும் தெரியாது என்றுதான் நினைப்போம். ஆனால் தெரிந்துவிடுகிறது என்கிறது 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு.

மடியில் உட்கார்ந்ததும் நடந்தது என்ன?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அந்த ஆய்வில் 69 தாய்மார்களும், ஒரு வயதை ஒட்டிய அவர்களது குழந்தைகளும் பங்கேற்றனர். குழந்தையை வேறு அறையில் விட்டுவிட்டு, தாய் சில நிமிடங்கள் பேச வேண்டும். சிலருக்கு முன்னால் இருந்தவர்கள் தலையாட்டிச் சிரித்தார்கள். வேறு சிலருக்கு முன்னால் இருந்தவர்களோ முகம் சுளித்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் சிலர் யாரும் இல்லாத அறையில் பேசினார்கள்.

பிறகு குழந்தையைக் கொண்டு வந்து தாயின் மடியில் வைத்தார்கள். முகச்சுளிப்பைச் சந்தித்துவிட்டு வந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு, சில நிமிடங்களிலேயே இதயத் துடிப்பு கூடியது. அந்தக் குழந்தைகள் புதிய ஆட்களிடம் போகவும் தயங்கின. அந்த அறையில் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது!

ஒரு நாள் டென்ஷன் என்றால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறங்காமல் இருந்தால்தான் சிக்கல்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

ஆபத்து என்று மூளை நினைத்ததும், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசால் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், செரிமானம் மந்தமாகும். நாய் துரத்தும்போது ஓடுவதற்கு இது உதவும். ஆனால் மாசம் பொறந்தா வர்ற இஎம்ஐ-யை ஓடித் தப்பிக்க முடியாதே! கார்டிசால் நீண்டகாலம் அதிகமாகவே இருந்தால் பிபி ஏறுவது, தூக்கம் கெடுவது, தொப்பை போடுவது, நோய் எதிர்ப்பு சக்தி குறைவது என்று ஒவ்வொன்றாகத் தொடங்கும்.

காயம் ஆறுவதுகூடத் தாமதமாகும். மறதி நோயால் பாதிக்கப்பட்ட உறவினரைப் பராமரித்த 13 பெண்களின் கையில் சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்த 1995ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்றில், அது ஆற மற்ற பெண்களைவிடச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாக ஆனது.

10 வயது கூடுதலா?

2004இல் வந்த இன்னோர் ஆய்வு பெரிய அளவில் பேசப்பட்டது. நடத்தியவர்கள் எலிசா எபெல் மற்றும் பின்னாளில், 2009இல், நோபல் பரிசு பெற்ற எலிசபெத் பிளாக்பர்ன் உள்ளிட்டோர். ஷூ லேஸ் நுனியில் பிளாஸ்டிக் குழாய் இருக்குமே, அதுபோல குரோமோசோம்களின் நுனியைக் காப்பது டெலோமியர். வயதாக ஆக இது குட்டையாகும்.

58 தாய்மார்களைச் சோதித்தார்கள். அவர்களில் 39 பேர் நாள்பட்ட நோய் கொண்ட குழந்தையை வளர்ப்பவர்கள். மிக அதிக மன அழுத்தத்தை உணர்ந்த பெண்களின் டெலோமியர்கள், குறைவாக உணர்ந்தவர்களுடன் ஒப்பிட்டால், குறைந்தது 10 ஆண்டுகள் கூடுதலாக முதுமையடைந்ததற்குச் சமமாகக் குட்டையாக இருந்தன.

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. குழந்தைக்கு நோய் இருப்பது மட்டுமே இந்த வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. எத்தனை ஆண்டுகள் பராமரித்தார்கள், அந்தச் சுமையை எவ்வளவு அழுத்தமாக உணர்ந்தார்கள் என்பவைதான் கணக்கில் வந்தன.

கருவில் இருக்கும்போதே?

கனடாவின் கியூபெக்கில் 1998 ஜனவரியில் பனிமழை கொட்டி மின்கம்பங்கள் சாய்ந்தன. சில வீடுகளில் 40 நாட்களுக்கு மேல் கரண்ட் இல்லை, அதுவும் உறைய வைக்கும் குளிரில். அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களின் குழந்தைகளை ஆய்வாளர் சூசன் கிங் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. தாய் அதிகக் கஷ்டத்தைச் சந்தித்திருந்தால், குழந்தையின் மொழித்திறன், உடல் எடை ஆகியவற்றில் வித்தியாசம் தெரிந்தது. இது சராசரிக் கணக்குதான். ஒவ்வொரு குழந்தைக்கும் இப்படித்தான் ஆகும் என்று அர்த்தமில்லை. கர்ப்பிணிகள் இதைப் படித்துவிட்டு இன்னொரு டென்ஷனை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

குழந்தையிடம் எப்படித் தெரியும்?

"எனக்கு ஸ்ட்ரெஸ்" என்று 5 வயதுக் குழந்தை சொல்லாது. வயிறு வலிக்குது என்று சொல்லும். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பும், தூக்கத்தில் எழுந்து அழும். "நடிக்கிறான்" என்று அதட்டினால் வலி கூடுமே தவிர குறையாது. நீடித்தால் குழந்தைகள் நல மருத்துவரைப் பார்ப்பதே சரி.

நம்பிப் போக ஒரு பெரியவர் இருந்தால், அதே கஷ்டத்திலும் குழந்தையின் உடல் சீக்கிரம் பழைய நிலைக்கு வரும். அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; அப்பா, பாட்டி, டீச்சர் யாராகவும் இருக்கலாம்.

பெற்றோருக்கு யார் இருக்கிறார்கள்?

2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் அப்போதைய சர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தி, பெற்றோரின் மன அழுத்தத்தைப் பொது சுகாதாரப் பிரச்சினையாகவே அறிவித்தார். பெரும்பாலான நாட்களில் தாங்க முடியாத அழுத்தம் இருப்பதாக அங்கே 48 சதவீதப் பெற்றோர் சொன்னார்கள். மற்றவர்களில் அது 26 சதவீதம். 'மூச்சுப் பயிற்சி பண்ணுங்க' என்பதோடு அவர் நிறுத்தவில்லை. சம்பளத்துடன் விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு வசதி என்று அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியதையும் சேர்த்தே சொன்னார்.

இந்தியாவில் மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.