சின்ன மேடைகள் – 7: கரப்பான்பூச்சிகள் வந்த இரவு

லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் பீட்டில்ஸ் வளர்ந்த கதை, தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். மறுபடி சொல்லவில்லை. சின்ன அறையில் ஒலி எப்படி நடந்துகொள்கிறது என்று இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். டொரொண்டோ குறுக்கே வந்துவிட்டது.

1977 மார்ச் 4, 5. டொரொண்டோவின் ஸ்பதைனா அவென்யூவில் எல் மொகாம்போ என்றொரு கிளப். வாசலில் நியான் விளக்கில் ஒரு பனைமரம். உள்ளே சுமார் 300 பேர் நிற்கலாம். அந்த இரண்டு இரவும் அங்கே வாசித்தவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ். முந்தைய ஆகஸ்ட்டில்தான் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் ஒரு லட்சம் பேருக்கும் மேல் கூடிய கூட்டத்துக்கு வாசித்திருந்தார்கள்.

பெயரை வெளியே விட்டால் தெருவே தாங்காது. அதனால் ஏப்ரல் வைன் என்ற கனடியக் குழுவின் கச்சேரி என்று அறிவித்தார்கள். கூட வாசிப்பது ‘காக்ரோச்சஸ்’, அதாவது கரப்பான்பூச்சிகள். உள்ளூர் வானொலி நடத்திய போட்டியில் ஜெயித்தவர்களுக்கு டிக்கெட். ஏப்ரல் வைனும் பொம்மையாக நிற்கவில்லை. நிஜமாகவே வாசித்தார்கள், அதே மேடையில் தங்கள் லைவ் ஆல்பத்தையும் பதிவு செய்துகொண்டார்கள்.

ஸ்டோன்ஸுக்குத் தேவைப்பட்டதும் பதிவுதான். ‘லவ் யூ லைவ்’ என்ற இரட்டை ஆல்பம் தயாராகிக்கொண்டிருந்தது. பெரிய அரங்குப் பதிவுகள் கைவசம் இருந்தன. கிளப் வாசிப்பு ஒரு பக்கமாவது வேண்டும் என்று நினைத்தார்கள். அதுதான் ஆல்பத்தின் மூன்றாம் பக்கம். அதில் உள்ள நான்கு பாட்டில் ஒன்றுகூட அவர்கள் எழுதியதல்ல. ‘மேனிஷ் பாய்’ மட்டி வாட்டர்ஸ் பாடியது, ‘கிராக்கின் அப்’ போ டிட்லியுடையது, ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ வில்லி டிக்சன் எழுதியது, ‘அரவுண்ட் அண்ட் அரவுண்ட்’ சக் பெர்ரியுடையது. 1962-63ல் லண்டன் கிளப்களில் இந்தக் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகளை வாசித்துத்தான் இவர்கள் ஆளானார்கள். சின்ன அறை கிடைத்ததும் கை தானாக அங்கே போயிருக்கிறது. இந்தத் தொடரில் நான் விடாமல் சொல்லிவருவதும் இதைத்தான்: ஒரு குழு யாரிடம் கற்றது என்பது சின்ன மேடையில்தான் தெரியும்.

‘மேனிஷ் பாய்’ கேளுங்கள். கிடார் ஒரு சின்னத் துண்டை வாசித்துவிட்டு நிற்கிறது, மறுபடி அதையே வாசிக்கிறது. நடுவில் விழும் இடைவெளியில் முன்வரிசைக் கூச்சல் தனித்தனிக் குரலாகக் கேட்கும். மைதானத்தில் அது வெறும் இரைச்சல்.

முதல் இரவு கூட்டத்தில் கனடியப் பிரதமர் பியர் ட்ரூடோவின் மனைவி மார்கரெட் இருந்தார். அன்று அவர்களுடைய ஆறாவது திருமண நாள். பத்திரிகைகள் வாரக்கணக்கில் அதையே மென்றன. எனக்கு அதில் அக்கறையில்லை. இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு.

கச்சேரிக்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 27 அன்று, ஸ்டோன்ஸின் கிடார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸின் ஓட்டல் அறையில் கனடியப் போலீஸ் ஹெராயினைப் பிடித்தது. விற்பதற்காக வைத்திருந்தார் என்று வழக்கு. ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றச்சாட்டு. அதைத் தலையில் சுமந்துகொண்டுதான் அந்த மனிதர் அந்த இரண்டு இரவும் அப்படி வாசித்திருக்கிறார்.

1978 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. குற்றச்சாட்டு, வைத்திருந்தது என்ற அளவுக்குக் குறைந்திருந்தது. சிறை இல்லை. பார்வையற்றோருக்காக ஒரு கச்சேரி நடத்தித் தர வேண்டும் என்றார் நீதிபதி! தண்டனையாகக் கச்சேரி. ஏன் பார்வையற்றோர்? ஸ்டோன்ஸ் கச்சேரிகளுக்கு ஊர் ஊராக, வழியில் போகும் வண்டிகளில் ஏறி வந்துகொண்டிருந்த பார்வையற்ற ரசிகை ஒருவர் இருந்தார். அவருக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே என்று, பத்திரமாக அழைத்துப் போகவும் சாப்பாடு கொடுக்கவும் தன் ஆட்களிடம் சொல்லிவைத்தவர் ரிச்சர்ட்ஸ். அந்தப் பெண் நீதிபதியின் வீட்டுக்கே போய் இதைச் சொன்னார் என்று ரிச்சர்ட்ஸ் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சட்டப் புத்தகத்துக்கு வெளியே ஒரு ரசிகையின் சொல்லுக்கு இத்தனை எடை கிடைத்த இன்னொரு வழக்கை நான் படித்ததில்லை. 1979 ஏப்ரல் 22, டொரொண்டோவுக்குப் பக்கத்து ஊரான ஒஷாவாவில் தண்டனை நிறைவேறியது. ரிச்சர்ட்ஸுடன் ஸ்டோன்ஸ் முழுக்குழுவும் மேடையேறியது.

எல் மொகாம்போவின் மார்ச் 5 இரவு முழுதாக வெளிவர 2022 வரை, 45 வருடம் ஆனது. அதிகாரபூர்வமாக வந்த அந்த நான்கு பாட்டை வைத்துக்கொண்டு ரசிகர்கள் அதுவரை காத்திருந்தார்கள்.

ஒலி பற்றி அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன். அதற்குள் ‘லவ் யூ லைவ்’ ஆல்பத்தின் மூன்றாம் பக்கத்தையும், மற்ற மூன்றில் ஏதாவது ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுவையுங்கள். டிரம்ஸ் எவ்வளவு பக்கத்தில் கேட்கிறது என்று கவனியுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.