ஸ்டாக் ரிஜிஸ்டரில் காண்டாமிருகம்!

பி.காம். முடித்த கையோடு மீஞ்சூர் பக்கம் ஒரு கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மார்ச் 31. ஸ்டாக் எண்ண வேண்டும்.

"இன்னாத்துக்குத் தம்பி வெயில்ல சுத்துற? போன வருஷ ஃபிகரையே போடு. பேரல் இன்னா, கால் முளைச்சு ஓடிடப் போவுதா?" என்றார் ஸ்டோர் கீப்பர் அண்ணன்.

போட்டேன். ஆடிட்டர் வந்து எண்ணினார். ரிஜிஸ்டரில் முப்பது பேரல், ஷெட்டில் ஒன்பது. மிச்சம் எப்போது போனதென்று யாருக்கும் தெரியவில்லை. என் வேலை எப்போது போனதென்று எனக்குத் தெரியும். மறுநாளே!

இதே கதை ஆப்பிரிக்காவிலும் நடந்திருக்கிறது. காணாமல் போனது பேரல் அல்ல, காண்டாமிருகம்.

மேற்கு ஆப்பிரிக்கக் கறுப்புக் காண்டாமிருகம் என்று ஓர் உள்ளினம். பெயர்தான் கறுப்பு; நிறம் சாம்பல். மூக்கின் மேல் இரண்டு கொம்பு. அதுதான் அதற்கு எமன். குத்துவாளுக்குக் கைப்பிடி போட ஏமனில் வாங்கினார்கள். ஜுர மருந்துக்குச் சீன வைத்தியத்தில் வாங்கினார்கள். கொம்பில் இருப்பதோ நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். அது மருந்தென்றால், நகம் கடிக்கிற ஆசாமிகளுக்கு ஜுரமே வரக் கூடாது!

1970-ல் ஆப்பிரிக்கா முழுக்கச் சுமார் 65,000 கறுப்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. 1995-ல் 2,500கூட இல்லை. மேற்கத்திய வகை கடைசியாக கேமரூனில் மட்டும் மிஞ்சியது.

2004-ல்கூட "முப்பது இருக்கு" என்றது ஒரு கணக்கு. துருவிப் பார்த்தால், ஆதாரமாகக் காட்டியவை போலிக் காலடித் தடங்கள்! மிருகம் இல்லையென்றால் தடம் தேடுகிறவனுக்குச் சம்பளம் ஏது? 2006-ல் கேமரூன் காடுகளில் 2,500 கிலோமீட்டர் அலைந்து தேடினார்கள். ஒன்றுகூட இல்லை. 2011-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 'அழிந்துவிட்டது' என்று அறிவித்தது.

ரொம்பச் சிரிக்காதீர்கள். 2004-ல் ராஜஸ்தானின் சரிஸ்கா சரணாலயத்தில் பதினைந்துக்கு மேல் புலிகள் என்றது நம் ஊர் ரிஜிஸ்டர். 2005-ல் நேரில் தேடியபோது சைபர். வேட்டைக்காரர்கள் வந்து போய்விட்டார்கள்; பேப்பரில் மட்டும் புலி உறுமிக்கொண்டிருந்தது.

சரிஸ்காவுக்கு அதிர்ஷ்டம். பக்கத்து ரந்தம்பூரில் ஸ்டாக் இருந்தது. 2008-ல் ஹெலிகாப்டரில் புலியைக் கொண்டுவந்து விட்டார்கள். கேமரூன் காண்டாமிருகத்துக்கு அப்படிப் பக்கத்துக் கடை ஏதுமில்லை.

முப்பது இருக்கிறது என்று நம்புகிறவன் டீ குடித்துவிட்டுத்தான் கிளம்புவான். மூன்றுதான் என்று தெரிந்தவன் ஓடுவான். பொய்க் கணக்கு திருடுவதில்லை சார். ஓட வேண்டியவனை உட்கார வைத்துவிடுகிறது.

வருகிற மார்ச் 31-க்கு, வெயிலானாலும் ஷெட்டுக்குப் போய் எண்ணிவிடுங்கள். பேரல் போனால் ஆர்டர் போட்டு வாங்கலாம்.