மண்ணைச் சுட்டால் பாதரசம் போகுமா?

பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றுக்குள் இருப்பது ஒரு கிராம் அளவுக்குப் பாதரசம். கை தவறி உடைந்தால் வெள்ளி முத்துகளாகத் தரையில் உருண்டோடும், விரலுக்குப் பிடிபடாது. கொடைக்கானலில் அந்த முத்துகள் மண்ணுக்குள் போய்விட்டன.

அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை 1980களில் இங்கே ஓடத் தொடங்கியது. பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் அம்பலப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் கண்ணாடிக் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. மண் இங்கேயே கிடந்தது.

அதற்கு வகுத்த வழி, கழுவிச் சுடுவது. தோண்டிய மண்ணைத் தண்ணீர் விட்டுச் சலிப்பார்கள். பாதரசம் பெரும்பாலும் நுண்துகள்களில்தான் ஒட்டும். கல்லும் பருமணலும் ஓரளவு தப்பிவிடும். எஞ்சும் சேற்றை மூடிய கலனில் ஏற்றிச் சூடேற்ற வேண்டும். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கலனுக்குள் காற்றை உறிஞ்சிவிட்டால் இன்னும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். அந்த ஆவி குளிர்ந்த குழாயில் சொட்டுச் சொட்டாகத் திரளும். மிச்சத்தைக் கரிவடிகட்டி பிடிக்கும். இலிங்கம் என்னும் பாதரசத் தாதுவை எரித்து வாலைரசம் எடுக்கும் சித்த மருத்துவர்களுக்கு இது பழகிய வேலைதான்.

எல்லா உலோகத்துக்கும் இது செல்லாது. ஈயம் கொதிக்க 1,749 டிகிரி வேண்டும். ராணிப்பேட்டையில் ஆண்டுக்கணக்கில் குவிந்த குரோமியக் கழிவைக் காற்றில் சுட்டால் நஞ்சு கூடவும் செய்யலாம். குரோமியத் தாதுவைச் சோடா உப்போடு வறுத்துத்தான் நச்சுக் குரோமேட்டே தயாரிக்கிறார்கள்.

எண்ணெயைப் போல உலோகம் எரிந்து மறையாது. இடம் மாறும், அவ்வளவே. கலன் கசிந்தால், மண்ணிலிருந்தது பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் நுரையீரலுக்குப் போகும். மண்ணுக்கும் சேதம் உண்டு: மட்கு கருகிவிடும், நுண்ணுயிர் சாகும், சூடு மிஞ்சினால் களிமண் செங்கல்லைப் போலாகிவிடும். உலையிலிருந்து வருவதை மண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழு உரமும் விதையும் பல மழைக்காலங்களும் சேர்ந்தால்தான் அதற்கு உயிர் திரும்பும்.

இங்கே அனுமதித்த வரம்பு, கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம். போதாது என்கிறார்கள் சூழல் ஆர்வலர்கள். இன்னும் ஆழமாகத் தோண்டினால் மரங்கள் போகும், சரிவு கரையும் என்பது எதிர்வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆலைக்குக் கீழே இருப்பது பாம்பாறு சோலை. அந்தத் தண்ணீர் கும்பக்கரை அருவியாகச் சமவெளியில் இறங்குகிறது. ஓடைச் சேற்றில் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக்கும். அது மீனில் சேரும், மீன் தின்பவரிடமும் சேரும். அதனால் உலைக்கணக்கு மட்டும் போதாது. ஓடை வண்டலையும் மீனையும் ஆண்டுதோறும் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி, கொடைக்கானலிலும் பெரியகுளத்திலும் ஊர் பார்க்க ஒட்ட வேண்டும்.