வடம் விறைக்கும்போது

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் நகர்வதற்கு முன் வடம் விறைக்கும். தெருவில் தொய்ந்து கிடந்தது சட்டென்று நிமிரும். அதன் பிறகே சக்கரம் உருளும். அதே நொடியில் வடம் பிடித்தவரின் முழங்கையிலும் குதிகாலுக்கு மேலும் இன்னொரு வடம் விறைக்கிறது. தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அது.

தேங்காய் நாரை ஒரு பக்கம் திரித்துப் புரியாக்கி, புரிகளை எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் கயிறு பிரியாது. தசைநாணின் நாராகிய கொலாஜனும் அப்படித்தான். இடப்பக்கம் திருகிய மூன்று இழைகள் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கிக்கொள்கின்றன. இந்த மூவிழை அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும். நம் ஊர்க் கண்டுபிடிப்பு இது. 

தேர் வடத்தில் இல்லாத ஒன்று தசைநாணில் உண்டு. நார்களுக்கு நடுவே வரிசை வரிசையாக உயிருள்ள செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இன்டெக்ரின் என்ற புரதத்தால் கொலாஜனைப் பற்றியிருக்கும். நார் இழுபட்டால் அந்தப் பிடிக்கு உட்புறம் மடிந்து கிடக்கும் டாலின் புரதம் விரியும். மறைந்திருந்த இடங்கள் வெளிப்பட, வின்குலின் வந்து ஒட்டும், பிடி இறுகும். அங்கிருந்து ஆக்டின் இழைகள் வழியே இழுப்பு உட்கருவரை எட்டும். யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை முடுக்கும். செல்சவ்விலுள்ள பியசோ1 என்ற வாயிலோ இழுப்பில் திறந்து கால்சியத்தை உள்ளே விடும். அந்த வாயிலை 2010இல் கண்டறிந்த விஞ்ஞானி ஆர்டம் படபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மரபணுவின் எழுத்து மாறாது. எந்த மரபணு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது மாறும். கடுமையாக உழைத்த தசைநாணில் கொலாஜன் உற்பத்தி ஒரு நாளில் உச்சம் தொட்டு, மூன்றாம் நாளும் கூடுதலாகவே இருக்கும். தேர் நிலைக்கு வந்துவிட்டாலும் இழுத்தவர் உடம்புக்குள் வேலை ஓயவில்லை.

எனக்குப் பெரிய வியப்பு, இழுப்பு நின்றால் நடப்பதுதான். எலி வால் தசைநாணை இழுவிசையின்றி ஆய்வகத்தில் வைத்தபோது, கொலாஜனை அறுக்கும் நொதியின் மரபணு விழித்துக்கொண்டது. விட்டு விட்டு இழுத்தபோது அது அடங்கியது. ஓய்வையும் செல் ஓர் உத்தரவாகவே எடுத்துக்கொள்கிறது.

அதனால், மாவுக்கட்டு பிரித்தவர்களே, வலிக்கிறதே என்று மூட்டை அசைக்காமல் வைத்திருக்காதீர்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் நாளில், சொல்லும் அளவில் இழுக்கத் தொடங்குங்கள்.