பெருங்குடல் முளைகள்: வயதும் ஆண், பெண் வேறுபாடும்

மலத்தோடு இரத்தம் போனால் நம்மவர்கள் சொல்வது, "அது மூலம்தான், உடம்புச் சூடு." வயசான உம்மாவுக்குக் களைப்பும் மூச்சு வாங்கலும் என்றால், "இரத்தம் குறைவு, கீரை சாப்பிடட்டும்." வெட்கமும் சேர்ந்துகொள்ள, பேச்சு அதோடு முடிந்துவிடும். பலருக்கு அது மூலமாகவே இருக்கும். ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்கள் விஷயத்தில் அப்படி முடிவுகட்டுவது ஆபத்து.

பெருங்குடலின் உட்சுவரில் சிலருக்குச் சிறு முளைகள் வளரும். இவற்றைப் 'பொலிப்' என்பார்கள். எல்லா முளையும் புற்றுநோயாவதில்லை. 'அடினோமா' என்ற வகையில் சில மட்டுமே மாறும். அதற்கும் பொதுவாகப் பத்து வருடமளவு எடுக்கும். நமக்குள்ள அவகாசம் அதுதான். கொலனொஸ்கொப்பி செய்யும்போது முளையைக் கண்டால் பெரும்பாலும் அப்போதே அறுத்தெடுத்து, புற்றுநோய் வருமுன்னே தடுத்துவிடலாம்.

குடற்சுவரின் கலங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. வருடங்கள் கூடக்கூட இந்தப் புதுப்பித்தலில் நேரும் மரபணுப் பிழைகளும் சேர்கின்றன. வயது ஏற ஏற ஆபத்து கூடுவது இதனால்தான். சில நாடுகளில் ஐம்பதுக்குக் குறைந்தவர்களிடமும் இந்நோய் கூடிவருகிறது. அமெரிக்காவில் 2021இல் பரிசோதனை தொடங்கும் வயது 50இலிருந்து 45ஆகக் குறைக்கப்பட்டது.

முளைகள் ஆண்களிடம் அதிகம். பரிசோதனைக்கு வரும் 50 வயதைத் தாண்டிய ஆண்களில் 100க்கு 30 பேரிடமாவது, பெண்களில் 20 பேரிடமாவது வைத்தியர் அடினோமாவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க நிபுணர் சங்கங்கள் 2015இல் வைத்த அளவுகோல். புகைத்தல், தொந்தி, மிதமிஞ்சிய மாட்டிறைச்சி ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. பெண்களுக்கு ஹோர்மோன்கள் ஓரளவு பாதுகாப்புத் தருவதாகக் கருதப்படுகிறது.

அப்படியென்றால் பெண்கள் பயப்படத் தேவையில்லையா? இல்லை. ஆண்களின் ஆபத்து நிலையைப் பெண்கள் சில வருடங்கள் பிந்தித்தான் அடைகிறார்கள்; ஆனால் அடைகிறார்கள். அமெரிக்காவில் வாழ்நாளில் இந்நோய் வருவது ஆண்களில் சுமார் 24 பேருக்கு ஒருவர், பெண்களில் 26 பேருக்கு ஒருவர். பெரிய வித்தியாசமில்லை.

இன்னொன்று: பெண்களுக்கும் முதியோருக்கும் புற்று குடலின் வலப்பக்கத்தில் வருவது ஒப்பீட்டளவில் அதிகம். அங்கே குடல் அகலம், மலமும் இளக்கம். அதனால் அடைப்போ மலச்சிக்கலோ சீக்கிரம் தெரியாது. கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிந்து, இரத்தச்சோகையாகத்தான் முதலில் வெளிப்படும். கீரையும் இரும்புச்சத்துக் குளிசையும் கொடுத்துக் காத்திருப்பது இங்கேதான் பிழைக்கிறது.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ, எந்த வயது ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் இரத்தச்சோகை வந்தால், இரத்தம் எங்கே போகிறது என்று வைத்தியரிடம் கேளுங்கள். மலப்பழக்கம் மாறி வாரக்கணக்கில் நீடித்தாலும், காரணமின்றி மெலிந்தாலும் போய்க் காட்டுங்கள். வாப்பா, உம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்கும் இந்நோய் இருந்திருந்தால் நாற்பதிலேயே, அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, எது முந்தியதோ அப்போது பரிசோதிப்பது நல்லது.

மஹரகம என்ற பெயரைக் கேட்டாலே நடுங்குகிறோம். அங்கே போகவேண்டி வராமல் தடுக்க வழியுள்ள புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. வெட்கம் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது.