விழும் வீரனும் மாயத் தாவலும்
மலை விளிம்பிலிருந்து தள்ளப்பட்ட வீரனொருவன், நிலத்தைத் தொடுமுன் மந்திர வலியால் வேறிடம் தாவுவானாயின் உயிர் தப்புவானா? மேசையைச் சூழ்ந்திருந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களில், பல மாதம் பேணி வளர்த்த பாத்திரத்தின் உயிர் இவ்வினாவில் தொங்குவதுண்டு.

கெரி கைகெக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளிவந்தது. அதன் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, வீழ்ந்த ஒவ்வொரு 10 அடிக்கும் ஓர் அறுமுகப் பகடை உருட்டப்படும். எண்களின் கூட்டுத்தொகையே காயத்தின் அளவு. எவ்வுயரமாயினும் 20 பகடைக்கு மேல் இல்லை. கண்ணுக்குத் தெரியும் வெற்றிடத்துக்கு 30 அடிவரை தாவச்செய்யும் 'மிஸ்டி ஸ்டெப்' மந்திரத்தையோ தன் முறை வரும்போதே ஓதலாம். அதற்குள் வீழ்ச்சி முடிந்துவிடும் என்பதே இடர்ப்பாடு.

2017இல் வந்த துணைநூலின் விருப்ப விதியொன்று, வீழ்பவன் அக்கணமே 500 அடிவரை இறங்குவான் என்றும், எஞ்சிய தூரத்தை அவனது அடுத்த முறையின் முடிவிலேயே கடப்பான் என்றும் வரையறுத்தது. காற்றின் தடையை விலக்கிக் கணித்தால் 500 அடி விழ ஏறக்குறைய ஐந்தரை விநாடி செல்லும். ஆட்டத்தின் ஒரு சுற்றோ 6 விநாடி. கற்பனை ஆட்டத்துக்கு இது மோசமான கணக்கன்று! ஆகவே 600 அடி உயரத்திலிருந்து வீழ்பவனுக்கு இடையில் மந்திரம் ஓத வாய்ப்புண்டு. 60 அடிப் பாறையிலிருந்து வீழ்பவனுக்கு, வீழும் கணத்திலேயே ஓதத்தக்க 'ஃபெதர் ஃபோல்' மந்திரமே துணை.

தாவியபின் பழைய வேகம் என்னாகும்? அது அழியாதென்பர் பௌதிகம் அறிந்தோர். விதிநூலோ வேகத்தை அளப்பதில்லை. தூரத்தை மாத்திரமே அளக்கிறது. ஆதலால் பாறைத் திட்டொன்றில் தாவி நின்றவன் காயமின்றி நிற்பான் என்பதே நூலுக்கு இயைந்த பொருள். வெறுங் காற்றில் தாவியவன் மீண்டும் விழுவான். அவனுக்கு எவ்விடத்திலிருந்து அடிகளை எண்ணுவதென்பதை ஆட்டத்தை நடத்தும் நடுவரே தீர்க்கவேண்டும்.