கையறு நிலை கடந்து

நுழையும்முன்

உழைத்து வாழும் மனிதருக்குக் கைகளே முதற்கருவி. அவை செயலிழந்தால் தொழிலும் வருவாயும் மட்டுமன்றி, ஊரில் அவருக்கிருந்த இடமும் பறிபோகிறது. இழந்த செயலைக் கைக்கு மீட்டுத்தரும் மருத்துவத்துறை, தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஓர் ஆய்வால் உலக அளவில் வளம்பெற்றது. அவ்வாய்வு எந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது, எவ்வழியில் வளர்ந்தது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கையும் வாழ்வும்

திருச்சிராப்பள்ளியின் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து திருவரங்கத்திற்கும் சமயபுரத்திற்கும் துறையூருக்கும் பேருந்துகள் புறப்பட்ட வண்ணம் இருக்கின்றன. அங்கே உழைப்போரின் கைகளை மட்டும் சிறிது நேரம் உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நடத்துநர் விரலிடுக்கில் ரூபாய்த் தாள்களைச் செருகிக்கொண்டே பயணச்சீட்டைத் தருகிறார். பூக்கட்டும் பெண் நாரைப் பாராமலே முடிச்சிடுகிறார். தேநீர்க் கடைக்காரர் சூடான குவளையை விளிம்பில் மட்டும் பிடித்து நீட்டுகிறார். சுமைதூக்குவோர் மூட்டையின் காதுகளை இறுகப் பற்றுகிறார். கிள்ளுதல், முடிதல், ஏந்துதல், பற்றுதல் எனத் தொழில்தோறும் கையின் இயக்கம் வேறுபடுகிறது.

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. ஆயினும், விரல்களை மடக்கும் தசைகள் விரல்களில் இல்லை. அவற்றுள் பெரியவை முன்கையில் இருக்கின்றன. தசைநாண்கள் என்னும் உறுதியான கயிறுகளின் வழியாக விரல்களை இழுக்கின்றன. இடக்கையால் வல முன்கையைப் பிடித்துக்கொண்டு வலக்கை விரல்களை மடக்கிப் பார்த்தால், தசைகள் திரள்வதை உணரலாம். விரல்களின் நுட்பமான அசைவுகளைச் சீர்செய்யும் சிறு தசைகள் உள்ளங்கையில் அமைந்துள்ளன. இந்த அமைப்பே பின்வரும் வரலாற்றுக்கு அடிப்படையாகும்.

தமிழில் 'கை' என்பது உறுப்பை மட்டும் குறிக்கும் சொல்லன்று, செயலையும் குறிக்கும். உதவுவதைக் 'கைகொடுத்தல்' என்கிறோம்; துணையின்றி விடுவதைக் 'கைவிடுதல்' என்கிறோம்; செய்வதறியாது நிற்பதைக் 'கையறு நிலை' என்கிறோம். கையை இழந்தவருக்கு இச்சொற்கள் உருவகங்கள் அல்ல. அவரது அன்றாட வாழ்வே ஆகும்.

'பிளாஸ்டிக்' என்னும் சொல்

'பிளாஸ்டிக் சர்ஜரி' எனப்படும் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவம் அழகூட்டும் கலை மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். பெயரிலுள்ள 'பிளாஸ்டிக்' நெகிழிப் பொருளையும் குறிக்கவில்லை. உருவாக்குதல், வனைதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. சிதைந்ததை மீண்டும் வனைவதே இத்துறையின் பணி.

இக்கலை இந்தியாவில் தொன்மையானது. அறுபட்ட மூக்கைத் தோலால் சீரமைக்கும் முறை சுசுருத சம்கிதையில் கூறப்பட்டுள்ளது. புனே வட்டாரத்தில், மூக்கு அறுபட்ட வண்டிக்காரர் ஒருவருக்கு நெற்றித் தோலைக் கொண்டு புதிய மூக்கு அமைக்கப்பட்டது. இலண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழ் 1794ஆம் ஆண்டு இச்செய்தியைப் படத்துடன் வெளியிட்டது. இந்திய முறையை ஆராய்ந்த ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814இல் அதனை இலண்டனில் செய்துகாட்டினார். முகத்தைச் சீரமைக்கத் தொடங்கிய இக்கலை, இருபதாம் நூற்றாண்டில் கையின் செயலை மீட்பதிலும் பெருவளர்ச்சி கண்டது. அவ்வளர்ச்சியில் தமிழ்நாட்டிற்குச் சிறப்பான பங்குண்டு.

கொல்லிமலையில் பிறந்த மருத்துவர்

திருச்சிராப்பள்ளிக்கு வடமேற்கே, துறையூருக்கு அப்பால் உயர்ந்து நிற்பது கொல்லிமலை. அங்கே பணியாற்றிய ஆங்கிலேயச் சமயத்தொண்டர் இணையரின் மகனாக 1914இல் பிறந்தவர் பால் பிராண்ட். கல்விக்காக இங்கிலாந்து சென்ற அவர், மருத்துவம் பயிலும்முன் கட்டடத் தொழிலைக் கற்றார். மரத்தையும் கல்லையும் கையாண்ட பழக்கம் பின்னாளில் அவருக்குத் துணையாயிற்று. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பொறுப்பேற்றார்.

தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்றுச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அவர் சென்றார். மடங்கி விறைத்த விரல்கள், தேய்ந்து குட்டையான விரல்கள், விரலே இல்லாத கைகள் எனப் பலவற்றைக் கண்டார். இக்கைகளின் சிதைவை ஆராய்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எவர் என்று வினவினார். எவருமிலர் என்பதே விடையாக இருந்தது. தொழுநோயாளரின் தசை இயல்பிலேயே கெட்டது, அறுவை செய்தால் புண் ஆறாது, விரல்கள் தாமே அழுகி விழும் என்பன அன்று நிலவிய கருத்துகள். அவற்றை எவரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

அங்கிருந்த ஒரு நோயாளரிடம் தம் கையைப் பற்றி அழுத்துமாறு பிராண்ட் கூறினார். மடங்கிக் கிடந்த அவ்விரல்கள் அவருக்கு வலிக்கும் அளவுக்கு இறுகின. அந்த வலியே ஆய்வின் தொடக்கம். சிதைந்த கையிலும் வலிமையான தசைகள் எஞ்சியிருக்கின்றன என்பதை அது உணர்த்தியது.

தசையை இடம்மாற்றுதல்

தொழுநோய் எல்லா நரம்புகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. முழங்கையின் உட்புறமாகவும் மணிக்கட்டின் முன்புறமாகவும் செல்லும் நரம்புகள் பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன. அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் கொக்கிபோல் வளைகின்றன. முன்கையின் பல தசைகளோ நலமாகவே உள்ளன. இந்த ஒழுங்கை வேலூர் ஆய்வுக்குழு நோயாளர் பலரிடம் சோதித்து உறுதிசெய்தது.

ஒழுங்கு தெரிந்ததும் வழியும் தெரிந்தது. நலமான தசையொன்றைச் செயலிழந்த தசையின் பணிக்கு மாற்றலாம். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஒன்றின் தசைநாணைப் பிரித்து, உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த மெல்லிய தசைநாணால் நீட்டி, நான்கு கிளைகளாக்கி விரல்களில் இணைப்பது இவ்வகை அறுவைகளுள் ஒன்று. தையல் பிரிந்தவுடன் கை பழைய நிலையை அடைவதில்லை. மணிக்கட்டுக்கு உழைத்த தசை இப்போது விரலுக்கு உழைக்க வேண்டும் என்பதை மூளை கற்க வேண்டும். ஆகவே, அறுவைக்குப் பின் இயன்முறைப் பயிற்சி வாரக்கணக்கில் தொடர்கிறது.

இம்முயற்சிகளின் பயன்களை 1952இல் இலண்டன் அறுவை மருத்துவர் கழகத்தில் தாம் ஆற்றிய ஹண்டேரியன் சொற்பொழிவில் பிராண்ட் விளக்கினார். மறுவாழ்வு மருத்துவப் பணிக்காக 1960இல் லாஸ்கர் விருது பெற்றார்.

விரல்கள் எங்கே போயின?

தசையின் புதிர் விடுபட்டாலும் வேறொரு புதிர் எஞ்சியது. விரல்கள் ஏன் குறைகின்றன? நோயாளரின் கைகளில் தோன்றும் ஒவ்வொரு காயத்திற்கும் காரணத்தைத் தேடிக் குறித்துவைக்கும் பணி தொடங்கியது. சூடான பாத்திரத்தைத் தொட்டதால் கொப்புளம். கருவியின் பிடி உராய்ந்ததால் புண். துருப்பிடித்த பூட்டை மிகுந்த விசையோடு திறந்ததால் சதைக்கிழிவு எனக் காரணங்கள் வெளிப்பட்டன. ஓரிரவில் விரலின் ஒரு பகுதி காணாமற்போனதற்கு எலி கடித்ததே காரணம் எனத் தெரிந்தது. உறக்கத்தில் அவருக்கு வலிக்கவில்லை. எலியை விரட்டப் பூனை வளர்த்தனர்.

விரல்கள் தாமே அழுகி விழவில்லை. வலியுணர்வு இழந்த கை காயமுற்றது. காயம் கவனிக்கப்படாமல் சீழ்பிடித்தது. எலும்பு சிறிது சிறிதாக அழிந்தது. நாம் வெறுக்கும் வலி உண்மையில் உடலின் காவலாளி என்பது இவ்வாய்வின் முடிவு. இதே அறிவு இன்று நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களின் பாதங்களைக் காக்கவும் உதவுகிறது.

கை நேரானால் போதுமா?

அறுவையால் விரல்கள் நிமிர்ந்த சிலர் மனவருத்தத்தோடு மருத்துவமனைக்குத் திரும்பினர். வளைந்த கையைக் கண்டு இரங்கியவர்கள் நேரான கையைக் கண்டு பிச்சையிடவில்லை. தொழுநோய் என்பதால் எவரும் வேலையும் தரவில்லை. மருத்துவம் கையைத் திருத்தியது. சமூகமோ மனிதரை ஏற்கவில்லை. இதை உணர்ந்த வேலூர்க் குழுவினர், கல்லூரி வளாகத்தில் 'புதுவாழ்வு மையம்' அமைத்தனர். அங்கே தச்சு முதலிய தொழில்களும், மரத்துப்போன கையைக் காயமின்றிப் பயன்படுத்தும் முறையும் கற்பிக்கப்பட்டன. சீரமைப்பு என்பது அறுவைக்கூடத்தில் முடிவதன்று என்னும் தெளிவு அங்கே பிறந்தது.

இத்தெளிவுக்கு மற்றொரு சான்று மருத்துவர் மேரி வர்கீஸ். 1954இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழ் இயக்கத்தை இழந்தார். கைகள் இருக்கின்றன, அவற்றால் பிறர் கைகளைச் சீரமைக்கலாம் என்னும் ஊக்கம் பெற்று, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர்களுக்குக் கை அறுவை செய்தார். பின்னர் வேலூரில் உடலியக்க, மறுவாழ்வு மருத்துவத் துறையை நிறுவினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

சென்னையின் பங்களிப்பு

நோயால் சிதைந்த கைகளைப் போலவே, தொழிற்கூட எந்திரங்களில் சிதைந்த கைகளும் மருத்துவர்களின் கவனத்தைக் கோரின. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஆர். வெங்கடசுவாமி கை அறுவைக்கெனத் தனித்துறையை வளர்த்தார். சாய்வாக வெட்டுப்பட்ட விரல்நுனியைச் சீரமைக்க அவரும் சுப்பிரமணியனும் ஒரு முறையை 1980இல் பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்டனர். அதே விரலின் பக்கவாட்டிலிருந்து முக்கோண வடிவில் ஒரு தோல்மடலை, அதன் குருதிக்குழலும் நரம்பும் அறுபடாமல் நுனிக்கு நகர்த்துவதே அம்முறை. வேறிடத்துத் தோலை ஒட்டினால் காயம் மூடும். உணர்வு முழுமையாகத் திரும்பாது. இம்முறையில் விரல்நுனி தொடுவுணர்வைத் தக்கவைத்துக்கொள்கிறது. காசின் விளிம்பையும் ஊசியின் காதையும் தடவி அறிய வேண்டிய தொழிலாளிக்கு இதன் அருமை விளங்கும்.

நுண்ணோக்கி வழியாக மிகச்சிறிய குருதிக்குழல்களைத் தைக்கும் திறன் வளர்ந்தபின், துண்டான உறுப்பை மீண்டும் இணைக்கவும் முடிந்தது. 1965இல் ஜப்பானில் கொமாட்சு, தாமாய் ஆகிய மருத்துவர்கள் முழுமையாகத் துண்டான கட்டைவிரலை இணைத்தனர். மின்தாக்குதலால் இரு கைகளையும் இழந்த கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு, மூளைச்சாவடைந்த கொடையாளரின் கைகளை ஸ்டான்லி மருத்துவமனையின் குழு 2018இல் பொருத்தியது.

தெரிந்து தெளிவோம்

ஓடும் பேருந்திலிருந்து கம்பியைப் பிடித்தபடி குதிக்கும்போது மோதிரம் கொக்கியில் சிக்கினால், விரலே உரிந்து பிரியக்கூடும். அத்தகைய விபத்து நேர்ந்தால் செய்யவேண்டியவை:

• காயத்தின்மேல் தூய துணியை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும்.
• துண்டான பகுதியை ஈரமான தூய துணியில் சுற்றி, நீர் புகாத பையில் இட்டு மூட வேண்டும்.
• அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைக்க வேண்டும். துண்டான பகுதி பனிக்கட்டியையோ நீரையோ நேரடியாகத் தொடலாகாது.
• 108 ஊர்தியை அழைத்துக் காலம் தாழ்த்தாது மருத்துவமனையை அடைய வேண்டும். தசை மிகுந்த கைப்பகுதி குளிரூட்டப்படாவிடில் ஏறத்தாழ 6 மணி நேரத்தில் பயனற்றுப் போகலாம். தசையில்லாத விரல் சற்றுக் கூடுதல் நேரம் தாங்கும்.

முடிவாக

தொழுநோய் இன்று முழுமையாகக் குணப்படுத்தக்கூடியது. உலக நலவாழ்வு அமைப்பு 1981இல் பரிந்துரைத்த கூட்டுமருந்து அரசு நலவாழ்வு நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. தோலில் உணர்வற்ற தேமல் தோன்றியதும் மருத்துவரை அணுகினால், கை சிதையும் நிலையே நேராது. அவ்வாறு அணுகுவதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் நோயன்று. பிறர் ஒதுக்குவார்களோ என்னும் அச்சமே.

அனைவரும் அறிந்ததாகக் கருதிய ஒன்றை ஒருவர் மீண்டும் கேட்டார். ஒதுக்கப்பட்ட கையைத் தம் கையால் பற்றினார். அவ்விரண்டும் சேர்ந்தபோது ஒரு மருத்துவத்துறை செழித்தது. ஆய்வுக்குக் கூர்மையான அறிவு வேண்டும். அருகில் சென்று தொடும் துணிவும் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. 'கை' என்னும் சொல்லை முதலாகக் கொண்ட தொடர்களைத் தொகுத்து, அவற்றின் பொருளை எழுதுக.
2. உங்கள் ஊரில் கைத்தொழில் செய்யும் ஒருவரின் கை அசைவுகளை உற்றுநோக்கி, ஒரு பக்க அளவில் விவரிக்க.
3. 'வலி உடலின் காவலாளி' – இக்கருத்தை வகுப்பில் கலந்துரையாடுக.